மாமன் மடி

கள்ளக்குறிச்சியிலிருந்து திருப்பதி போகும் காலைப் பேருந்தில் சடையன் ஏறியபோது, கண்டக்டர் முதலில் அவருடைய கைகளைத்தான் பார்த்தார். பிறகுதான் புது மஞ்சள் வேட்டியையும், நெற்றி நாமத்தையும், கழுத்துத் துளசி மாலையையும் பார்த்தார்.

“மலையா?”

“ஆமாங்க, கல்ராயன் மலை. தங்கச்சி புள்ளைக்கு முடி எறக்கப் போறோம்.”

“போன மாசம் உங்க ஆளுங்க நாலு பேரால செக்போஸ்ட்ல மூணு மணி நேரம் வண்டிய நிறுத்தி வெச்சுட்டாங்க.” கண்டக்டர், பின்னால் குழந்தையோடு நின்ற தங்கை செவ்வந்தியைப் பார்த்தார். “சரி, ஏறு. வழியில இன்னா ஆனாலும் என்னைக் கேக்காத.”

திருப்பதிக் காட்டில் செம்மரம் வெட்டப் போய்க் கல்ராயன் மலைக்காரர்கள் சிலர் சிறைப்பட்டதிலிருந்து, அந்த வேலைக்கே போகாதவர்களும் திருப்பதிப் பக்கம் போகப் பயந்தார்கள். குழந்தைகளுக்கு உள்ளூர்க் கோயிலிலேயே முடி எடுத்தார்கள். செவ்வந்தியால் அப்படிச் செய்ய முடியவில்லை. போன ஐப்பசியில் குழந்தைக்கு ஜன்னி கண்டது. தூளி கட்டி மலையை விட்டு இறக்கி வரும் வழியில், “மூணு வயசு முடியறதுக்குள்ள உன் மலைக்கு வந்து, எங்கண்ணன் மடியில வெச்சு முடி குடுக்கறேன்” என்று பெருமாளிடம் சொல்லியிருந்தாள். குழந்தை பிழைத்தது. மூன்று வயது முடிய இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அவள் கணவன் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தான்.

மஞ்சள் வேட்டியும் நாமமும் சடையனின் யோசனை. சாமிக்குப் போகிறவன் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டால் வழியில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று அவர் நம்பினார்.

மூங்கில்துறைப்பட்டில் ஆதிமூலமும் அவர் மனைவி ராணியம்மாளும் ஏறினார்கள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிற குடும்பம். ராணியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சடையன் எழுந்தார்.

“ஒக்காருங்கம்மா. எங்களுக்கு நின்னு பழக்கம்தான்.”

ராணியம்மாள் உட்கார்ந்ததும் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அடுத்த இருக்கை காலியாக, ஆதிமூலமும் சடையனும் அருகருகே உட்கார்ந்தார்கள்.

“உங்களுக்கும் மொட்டை வேண்டுதலுங்களா?” என்றார் சடையன்.

“அவருக்கு ஏது? பெருமாள் முன்னாடியே வந்து எடுத்துக்கினு போயிட்டாரு” என்றாள் ராணியம்மாள்.

ஆதிமூலம் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். திருவண்ணாமலை தாண்டுவதற்குள் குழந்தையின் ஜன்னி, வேண்டுதல், மலையில் போட்டிருக்கும் மரவள்ளி எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. புளிச்சோற்றில் பாதியைச் சடையனுக்குக் கொடுத்தார். பின்னால் யாரோ, “ஆளையும் வேஷத்தையும் பாரேன். எல்லையில இன்னிக்கும் நிக்கப் போவுது” என்று முணுமுணுத்தார்கள். சடையன் கேட்காதது போலச் சாப்பிட்டார்.

ஆந்திர எல்லை தாண்டியதும் வந்த சோதனைச்சாவடியில், தமிழ் பேசும் ஓர் இளம் அதிகாரி ஏறினார். முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் சடையன் முன்னால் நின்றார்.

“கை காட்டு.”

சடையன் இரண்டு கைகளையும் விரித்தார். உள்ளங்கை மரப்பட்டை போலக் காய்த்திருந்தது.

“கடப்பாரை புடிக்கிற கைங்க. கெழங்கு தோண்டறோம்.”

மரம் சுமந்த காய்ப்பு இருக்கிறதா என்று அதிகாரி அவருடைய தோளையும் அழுத்திப் பார்த்தார். ஆதார் அட்டையை வாங்கி ஊர்ப் பெயரைப் படித்தார். பிறகு நாமத்தைப் பார்த்தார்.

“போன வாரம் ஒன்பது பேரைப் புடிச்சோம். ஒன்பது பேருமே மஞ்சள் வேட்டி, நாமம். எல்லாரும் சாமி கும்பிடத்தான் வந்தாங்களாம்.”

பேருந்தில் யாரோ சிரித்தார்கள்.

அந்த அதிகாரி கொடியவர் இல்லை. குழந்தையைப் பார்த்ததும் தயங்கினார். “இவரைத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா? ஒருத்தர் ஆதார் காட்டிக் கையெழுத்துப் போட்டா விட்டுடறேன்” என்றார்.

ராணியம்மாள் கணவரின் கையை அழுத்தினாள். ஆதிமூலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அயல் மாநிலம், நாளைக்கு வழக்கு என்று வந்தால் அலைய வேண்டும், நான்கு மணி நேரப் பழக்கத்தில் ஒரு மனிதனை எப்படித் தெரியும் என்று அவர் மனம் காரணங்களை அடுக்கியது. சடையன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அதிகாரி சடையனை இறங்கச் சொன்னார். செவ்வந்தியும் குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கப் போனாள்.

“நீ எறங்காத” என்றார் சடையன். “வேண்டுதலுக்கு நாளு இல்ல. போய் முடி குடுத்துட்டு வா. நான் இங்கதான இருக்கப் போறேன்.”

பேருந்து புறப்பட்டது.

திருப்பதியில் இறங்கியதும் ராணியம்மாள் செவ்வந்தியைத் தனியே விடவில்லை. மலைக்கு அழைத்துப்போய், தங்க இடம் பார்த்து, தன் போர்வையைக் குழந்தைக்குப் போர்த்தினாள். மறுநாள் காலை முடியெடுக்கும் கூடத்தில் தன் முறை வந்தபோது செவ்வந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆதிமூலம் முன்னால் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“குடும்மா. மாமன் இல்லாத கொறைக்கு என் மடியில வெச்சிக்கறேன்.”

செவ்வந்தி அவரைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“நேத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கண்ணனே வெச்சிக்கினு இருந்திருக்கும்ங்க.”

அவள் குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கத்தி பட்டதும் குழந்தை “மாமா” என்று அழுதது. ஆதிமூலம் எழுந்து போய் ஒரு தூணருகே நின்றார். முடி எடுத்து முடிந்ததும் ராணியம்மாள் சந்தனம் குழைத்துக் குழந்தையின் தலையில் பூசினாள். பிறகு கணவரிடம் போனாள்.

“கியூவுக்குப் போவலாமா?” என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

“பெருமாள் எங்கியும் போவ மாட்டாரு. அந்த மனுசன் எங்க இருக்காருன்னு முதல்ல பாருங்க.”

நாற்பது வருடமாகப் புரட்டாசிச் சனிக்கிழமை தரிசனம் தவறாதவர் ஆதிமூலம். அன்று தரிசனம் செய்யாமலே மலையை விட்டு இறங்கினார். செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு மூவரும் சோதனைச்சாவடிக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. அங்கே வேறு ஓர் அதிகாரி இருந்தார்.

“எனக்கு அவரைத் தெரியும். கையெழுத்துப் போடறேன்” என்று ஆதிமூலம் ஆதார் அட்டையை நீட்டினார்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். “நேத்து சாயங்காலமே டவுன் ஸ்டேஷனுக்கு அனுப்பியாச்சு. இப்ப எங்க கையில இல்ல. கேஸு கோர்ட்டுக்குப் போயிருக்கும். நீங்க நேத்தே இங்க இருந்து சொல்லியிருக்கணும்.”

“இருந்தேன்” என்றார் ஆதிமூலம். “பஸ்லயேதான் இருந்தேன்.”

அதிகாரிக்கு அது புரியவில்லை. காவல் நிலையத்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

செவ்வந்தி குழந்தையின் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு மர நிழலில் நின்றாள். கேட்டதும் அவள் அழவில்லை. “வேண்டுதல் பாதிதான் ஆச்சு” என்று மட்டும் சொன்னாள்.

வேலூர் போகும் பேருந்து வந்து நின்றது. அதில் ஏறினால் இரவுக்குள் மூங்கில்துறைப்பட்டுக்குப் போய்விடலாம். கண்டக்டர் கையசைத்தார். ஆதிமூலம் ஏறவில்லை. அது போன பிறகு, ராணியம்மாளின் கையைப் பிடித்து மெதுவாகச் சாலையைக் கடந்து, தாளில் எழுதியிருந்த காவல் நிலையத்துக்குப் போகும் பேருந்துக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார். சற்றுத் தயங்கி, செவ்வந்தியும் வந்து அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.