வெறும் தீவனக் கூண்டு

என் நாத்தனாருக்கு எங்கள் ஆய்வகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். எலிகளுக்குத் தீவனம் வைக்கும் வேலை. இளகின மனசு என்று தெரிந்தேதான் சேர்த்தேன். எங்கள் குடும்பத்தில் எலியைக் கண்டு அலறாத ஒரே ஆள் அவள்.

எலிகளைத் தினமும் ஒரு பெட்டியில் வைத்து, உடம்பு சூடேறாத அளவுக்கு லேசாக மைக்ரோவேவ் கதிர் பாய்ச்சுவோம். பாதி எலிகளுக்கு வெறும் தீவனம். மீதிக்கு, கதிரின் பாதிப்பைத் தடுக்குமா என்று பார்க்க, ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து கலந்த ஆரஞ்சு நிறத் தீவனம். கடைசியில் எலிகளைக் கொன்று மண்ணீரலை எடுத்து, நோய் எதிர்ப்புச் சக்தி எந்தப் பக்கம் அதிகம் என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால்தான் ஆய்வு தொடரும்.

தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்தது. சத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எழுதவே உட்கார்ந்துவிட்டேன். மனசு கேட்காமல் எலி அறைக்குப் போனேன். இன்னும் கழுவாத வெறும் தீவனக் கூண்டுகளில், மரத்தூளுக்குள் ஆரஞ்சுத் துணுக்குகள் கிடந்தன.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை.

"பெட்டியிலேர்ந்து வந்ததும் மூலையில ஒடுங்கிக் கிடந்துச்சுங்க அண்ணி. இதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு கொஞ்சம் போட்டேன்."

எந்தக் கூண்டுக்கு என்றேன். எதைப் பார்த்தால் பாவமாக இருந்ததோ அதற்கு என்றாள். அது தெரிந்திருந்தாலாவது எதையாவது தேற்றியிருக்கலாம்.

பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். தலை குனிந்தே கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அதுங்க செத்தது?"

"வீண்தான். உன் புண்ணியத்துல இன்னும் அத்தனை எலி சாகணும்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

ஆய்வகத் தலைவர் முணுமுணுத்தபடி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். புது எலிகள் வந்தன. முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் குண்டா, சோம்பேறி என்று கொஞ்சிக்கொண்டே தீவனம் வைப்பாள். அந்த அறையில் அவள் குரல் ஓயாது. இப்போது நடுங்கிக்கொண்டு திரும்பும் எலிக்கு முன்னால் வெறும் தீவனத்தை அளந்து வைத்துவிட்டு, மூடியைப் போட்டுவிட்டு, அடுத்த கூண்டுக்குப் போகிறாள். கண்காணிக்கப் போன எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மனசுதான் ஆறவில்லை.

"அதுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசேன்டி," என்றேன்.

"பேசினா போடத் தோணும் அண்ணி," என்றாள்.