பெரியநீலாவணைக்கு மேலே

விமானத்தின் மருந்துத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த காலிதீனிடம், இனி அதைக் கழுவ வேண்டியதில்லை என்று அப்துல் ஹமீட் சொன்னார்.

எண்பத்தைந்தாம் ஆண்டுச் சிறுபோக நெற்பருவம். அறக்கொட்டிப் பூச்சி பிடித்த வயல்களுக்கு மேலே தென்னை உயரத்தில் பறந்து மருந்தடிப்பதுதான் காலிதீனின் வேலை. கொழும்புக்கு அருகே இரத்மலானை விமானப் பள்ளியில் படித்து, வணிக விமானிக்குரிய லைசன்ஸ் எடுத்த கையோடு ஹமீடிடம் சேர்ந்தவன். ஹமீட் கொழும்பு மலாய்க்காரர். அம்பாறை விமானத் திடலில் நின்ற இரண்டு சிறிய விமானங்களும் அவருடையவை. பெரிய ஜெட்டில் ஏறுவதற்கு ஆயிரத்தைந்நூறு மணித்தியாலமாவது பறந்திருக்க வேண்டும் என்பார்கள். மருந்தடிப்பில் அது எறும்பு அரிசி சேர்ப்பது போலத்தான் சேர்ந்தது.

"நீ இனி நாலு சீட் பிளேன ஓட்டு," என்றார் ஹமீட். "கொழும்புலேருந்து ரெண்டு தொரமார் வாராங்க. தெனமும் கடலோரமா சுத்திக் காட்டணும். வருசம் முடியிறதுக்குள்ள ஒன்ட அவர்ஸ் நெறஞ்சிரும். அப்பொறம் ஜெட்டுதான்."

"என்னத்தப் பாக்க வாறாங்க சேர்?"

"அது ஒனக்கு எதுக்கு?"

கல்முனை வீட்டில் செய்தியைச் சொன்னதும் உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றா. மூத்தவளான ராத்தாவின் கணவர் றஸாக் அப்போதே எழுந்துபோய் இனிப்பு வாங்கி வந்தார். பஸாரில் புடவைக்கடை வைத்திருப்பவர். காலிதீன் விமானம் படிக்கப் போகிறான் என்று ஊர் சிரித்தபோது அவனுக்காகக் கடைவாசலிலேயே சண்டை பிடித்தவர். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின், துரைமார் எந்த அரசாங்கக் கந்தோரைச் சேர்ந்தவர்கள் என்று தனக்குத் தெரியாதென்பதைச் சொல்லக் காலிதீனுக்கு வாய் வரவில்லை.

முதல் நாள் துரைமார் இருவரும் தூரக்கண்ணாடியும் வரைபடமுமாக ஏறினார்கள். மாவடிப்பள்ளி வயல்களைத் தாண்டிக் கடலைத் தொட்டு, கரையோரமாக வடக்கே பறந்தான். பெரியநீலாவணையில் தமிழ் மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்தடிப்பு இல்லாத நேரங்களில் விமானத்தைச் சோதிக்க அவன் அந்தப் பக்கம் போவதுண்டு. வலைக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்து வீசுவார்கள். அவனும் இறக்கையைச் சற்றுச் சரித்துக் காட்டுவான். அன்றும் ஒருவர் துண்டை வீசினார். பின் இருக்கையில் இருந்தவர் அவரை விரலால் சுட்டிக் காட்டி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு தோணிகளை எண்ணி, இடத்தையும் சேர்த்துக் கையிலிருந்த றேடியோவில் சொன்னார். காலிதீன் இறக்கையைச் சரிக்கவில்லை.

மறுநாள் காலை அதே இடத்துக்கு வந்தபோது, சத்தம் கேட்டதுமே ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். இழுத்த வலை பாதி கடலிலும் பாதி மணலிலுமாகக் கிடந்தது. ஒரு பெண் ஓடும்போது விழுந்தாள். எழுந்து ஓட நேரமில்லையென்று நினைத்தாளோ என்னவோ, கையிலிருந்த பிள்ளையைத் தனக்கு அடியில் வைத்து அப்படியே மணலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். இரவோடு இரவாக அங்கே என்ன நடந்ததென்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பெண் பயந்தது தன்னுடைய விமானத்துக்கு என்பது மட்டும் தெரிந்தது.

இன்னும் தாழப் போகும்படி பின்னாலிருந்து ஆங்கிலத்தில் உத்தரவு வந்தது.

காலிதீன் விமானத்தை உயர்த்தி மேற்கே திருப்பினான். எஞ்சினில் கோளாறா என்று கேட்டார்கள். எஞ்சின் நன்றாக இருக்கிறது, நான் இறங்கப் போகிறேன் என்றான். ஒருவர் கத்திக்கொண்டே அவனுடைய தோளைப் பிடித்தார். காலிதீன் திரும்பாமலே ஆங்கிலத்தில் சொன்னான்: "பறக்கும்போது விமானியைத் தொடக்கூடாது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்." தோளிலிருந்த கை மெல்ல விலகியது.

திடலில் ஹமீட் ஓடி வந்தார். "பைத்தியமா ஒனக்கு? இந்த நாட்டுல ஒருத்தனும் இனி ஒனக்கு சீட் தரமாட்டான்!"

"தராட்டிப் போகட்டும் சேர்," என்று விமானத்தின் திறப்பை அவர் கையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

றஸாக்கின் கோபம்தான் வலித்தது. "சித்திரைக் கலவரத்துல நம்மட ஊரோட அடிபட்ட தமிழனுகளுக்காகவா நீ இதச் செஞ்சா? அவனுகள் ஒனக்கு நன்றி சொல்லப் போறானுகளா?"

"நன்றிக்குச் செய்யல்ல மச்சான்."

"பிறகு என்னத்துக்கு?"

"நான் பிளேன் ஓட்டத்தான் படிச்சன். ஆக்களக் காட்டிக் குடுக்கப் படிக்கல்ல."

றஸாக் கடைக்குப் போய்விட்டார். பல நாட்கள் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பயந்து ஓடி வந்தவன் என்று பஸாரில் கதை பரவியது. காலிதீன் யாரையும் திருத்தப் போகவில்லை. மாவடிப்பள்ளியில் கூலிக்கு உழவு மெசின் ஓட்டினான். சேற்றில் உழுதுவிட்டு வரும்போது, "கப்டன் வாறார்" என்று ஒருவன் நக்கலடித்தால், "ஓம், வாறன்" என்று நின்று பதில் சொன்னான். இரத்மலானையில் மூன்று இடங்களில் விமானி வேலை கேட்டுப் பார்த்தான். மூன்றிலும் அவனுடைய பெயர் அவனுக்கு முன்பே போயிருந்தது.

சூடானில் பருத்திக்கு விமானத்தால் மருந்தடிக்கிறார்கள் என்று கொழும்பு ஏஜன்ட் ஒருவன் சொன்னான். விமானி வேலை காலி இல்லை, மருந்து கலக்கும் கூலியாகப் போகலாம். "அங்க போய்ச் சேர்ந்தா எப்பிடியும் பிளேன்ட பக்கத்துலதானே நிப்பன்," என்றான் காலிதீன். உம்மா அழுதா. கட்டுநாயக்கா விமான நிலையம்வரை அவனோடு வருவதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் புறப்படும் அன்று றஸாக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

விமான நிலையத்தில் மத்தியகிழக்குக்குப் போகும் ஆட்களின் வரிசை நீண்டிருந்தது. ஏஜன்ட் எல்லோருக்கும் ஒரே பாடம் சொல்லியிருந்தான்: தொழில் கேட்டால் கூலி என்று சொல்லுங்க. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி நிமிராமலே கேட்டார்.

"தொழில்?"

"பைலட்."

அதிகாரி நிமிர்ந்தார். சேற்றில் வெடித்த அவன் விரல்களைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பைலட்," என்றான் காலிதீன் மறுபடியும், இன்னும் சற்று உரத்து.

பேனை தாளுக்கு மேலே தயங்கி நின்றது. வெளியே ஓடுபாதையின் கோடியில் ஒரு ஜெட், ஏறுவதற்காக, வீசும் காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.