விருந்தாளிகள் போட்ட கோல்

தீர்த்தகிரி அந்த வருடம் சொன்ன முதல் பொய் ஒரே ஒரு எழுத்துதான். "ம்."

சேலத்தில் அப்போது புதிதாக முளைத்து, பிறகு நிலைக்காமல் போன ஒரு கல்லூரியில் அவன் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தான். கால்பந்து அணிக்கு அவன்தான் காப்டன். மற்றவர்களைவிட அரை அடி உயரம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் யாருக்கும் தெரியாது. சீசனின் முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கிக்கொண்டு, அந்த வாரக் கடைசியில் பென்னாகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். அப்பா மாதையன் வண்டிப்பேட்டையில் கடலைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஊர்க்காரர்கள். அத்தனை பேர் முன்னிலையில், "என்னடா, கெலிச்சீங்களா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

முதல் பொய்க்குத்தான் தைரியம் வேண்டும். அடுத்தடுத்த பொய்களை அவன் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, அப்பாவே சொல்லிக்கொண்டார். ஈரோட்டில் உதை வாங்கி வந்தால், பேட்டையில் அது ஈரோட்டையே கலக்கிய கதையாகியிருக்கும். கரூரில் பந்து எங்கே போனது என்றே தெரியாமல் பதினோரு பேரும் தேடிய ஆட்டம், மாதையன் வாயில் தீர்த்தகிரி தனியாளாக நின்று தடுத்த ஆட்டமாயிற்று. மகனைப் படிக்க அனுப்பியதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் எல்லாம் இப்போது அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள். உண்மையில் அந்த சீசனில் அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒன்றை டிரா செய்திருக்கலாம். அன்றைக்கு மழை வந்து ஆட்டமே நடக்கவில்லை.

கடைசி ஆட்டம் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு. அந்தப் பையன்களுக்கு ஒகேனக்கல் அருவியைப் பார்க்க ஆசை. போகிற வழியில் பென்னாகரத்திலேயே ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். "நம்ம காப்டன் ஊராச்சே" என்று டிரில் மாஸ்டர் மகிழ்ந்துபோய் ஒப்புக்கொண்டார். தீர்த்தகிரிக்கு அன்று இரவே காய்ச்சல் வந்துவிட்டது.

"பேசாம அப்பாகிட்ட சொல்லிடு" என்றான் கோல் காக்கும் சவுரியப்பன். அணியிலேயே அதிகம் உழைத்தவன் அவன்தான். வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து எடுத்து இடுப்பு ஒடிந்துபோயிருந்தான்.

"சொன்னா அவுரு பேட்டைப் பக்கம் தலைகாட்ட முடியாதுடா."

சவுரியப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "அப்ப அவனுங்களுக்கு உங்க வூட்டுல களி போடு. வவுறு முட்டப் போடு. ஓடறதென்ன, எந்திரிக்கவே மாட்டானுங்க."

யோசனை நல்ல யோசனைதான். செயல்படுத்தியது தீர்த்தகிரியின் அம்மா சென்னம்மாள் என்பதுதான் சிக்கல். ஆட்டத்தன்று பகலில், அருவியில் குளித்துவிட்டு அகோரப் பசியோடு வந்த கோயமுத்தூர்ப் பையன்களுக்கு, ஆடு அடித்துக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். நம் பையன்கள் நைசாகக் கொல்லைப் பக்கம் நழுவப் பார்த்தார்கள். விடுவாளா அவள்?

"விருந்தாளிங்கள மட்டும் தின்னச் சொல்லிட்டு நீங்க எங்கடா போறீங்க? அவங்க கூச்சப்பட மாட்டாங்க? உக்காருங்க எல்லாரும்."

ஒரே பந்தியில் இரண்டு அணியும் உட்கார்ந்தன. விருந்தாளிகளுக்கு ஓர் உருண்டை களி என்றால், வீட்டுப் பிள்ளைகள் இளைத்துப் போய்விட்டார்கள் என்று அவர்களுக்கு ஒன்றரை. எழுந்திருக்கும்போது சவுரியப்பனுக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மைதானம் என்பது ஊருக்கு வெளியே கடலைக்காய் பிடுங்கிய மேட்டு நிலம். மேற்கே முனியப்பன் கோயில், கிழக்கே புளியமரம். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டிருந்தார்கள். தீர்த்தகிரி அணி முதலில் கோயில் பக்கம் நின்றதால், மாதையன் அந்த மூங்கிலில் மாவிலை கட்டி, "இது நம்ம கம்பம், அது அவங்க கம்பம்" என்று ஊருக்கே விளக்கிவிட்டார். அவங்க கம்பத்துக்குள் பந்து போனால் நமக்கு, நம்ம கம்பத்துக்குள் போனால் அவங்களுக்கு. ஊருக்குப் புரிந்தது. சட்டம் இவ்வளவு சுலபமா என்று பலருக்கு ஏமாற்றம்கூட.

விசில் ஊதியதும் இருபத்திரண்டு பேரும் நடந்தார்கள். அதை ஓட்டம் என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. பந்து ஒருவன் காலுக்கு வந்தால், அவன் அதை வரவேற்று, ஓர் ஏப்பம் விட்டு, பிறகு உதைத்தான். ஆனாலும் விருந்தாளிகளுக்குப் பூட்ஸ் இருந்தது, ஆடவும் தெரிந்திருந்தது. இடைவேளைக்கு முன் அவர்களுடைய காப்டன் நஞ்சப்பன் மாவிலைக் கம்பத்துக்குள் ஒரு கோல் போட்டான். ஊர் 'உச்' கொட்டியது. தீர்த்தகிரி அப்பா நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

இடைவேளை முடிந்து இரண்டு அணியும் வழக்கம்போல் பக்கம் மாறின. சவுரியப்பன் புளியமரத்துப் பக்கம் போய் நின்றான்.

"என்னங்க, நம்மாளு அங்க போய் நிக்கறான்?" என்று ஒருவர் கேட்டார்.

மாதையன் கையை நெற்றியில் வைத்துச் சூரியனைப் பார்த்தார். மேற்கு வெயில், அதுவரை புளியமரத்துப் பக்கம் நின்ற விருந்தாளிகளின் முகத்தில்தான் அடித்திருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வந்தவங்க மூஞ்சில வெயில் அடிக்குதுன்னு நம்ம பசங்க எடம் மாத்திக்கிட்டாங்க" என்றார். ஊரே தலையாட்டியது. அப்படிப்பட்ட பிள்ளைகள்தான்.

கொஞ்ச நேரத்தில் நஞ்சப்பன் புளியமரத்துப் பக்கம் ஒரு கோல் போட்டான். கூட்டம் திகைத்தது. பூட்ஸ் போட்டவன், அவங்க கம்பத்துக்குள்ளேயே அல்லவா உதைக்கிறான்? பிறகு ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "சென்னம்மா கையால சாப்புட்டாங்க இல்ல. அந்த மரியாத." அதற்குள் நஞ்சப்பன் அங்கேயே இன்னொன்றும் போட்டான். இந்த முறை ஊர் துண்டை வீசிக் கூத்தாடியது. தன் கோலுக்கு எதிரி ஊர் இப்படி ஆடுவதை அவன் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஓரத்தில் நின்ற சென்னம்மாள், "நல்ல வயித்துல பொறந்த புள்ளைங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கடைசி விசில் ஊதிவிட்டு டிரில் மாஸ்டர் இங்கிலீஷில் கணக்குச் சொன்னார். ஊருக்கு அது தேவைப்படவில்லை. மொத்தம் மூன்று கோல். நம்ம கம்பத்தில் ஒன்று, அவங்க கம்பத்தில் இரண்டு. தீர்த்தகிரி தரையைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் போனான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தான். அதற்குள் வண்டிப்பேட்டைக்காரர்கள் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். விஷயம் என்னவென்று அங்கே உட்கார்ந்துகொண்டுதான் புரிந்துகொண்டான்.

மாதையன் ஜெயித்தவனுக்கென்று சம்பங்கி மாலை வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு மகனைத் தாண்டிப் போய், நஞ்சப்பன் கழுத்தில் போட்டார்.

"ஜெயிச்சது எம்மவனா இருக்கலாம் தம்பி. ஆனா தின்ன சோத்துக்காக விட்டுக் குடுத்தீங்க பாருங்க, மாலை உங்களுக்குத்தான்."

நஞ்சப்பன் விழித்தான். இரண்டு கம்பங்களையும் பார்த்தான். பிறகு தோளுக்கு மேலே உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அவனைக் கும்பிடாத குறையாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு வருடத்துப் பொய்யும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

"அந்தக் குழம்பத் தின்னுட்டு வேற எப்படிங்க ஆடறது?" என்றான் நஞ்சப்பன், மாலையைச் சரிசெய்துகொண்டே.

அந்த சீசனில் முதல்முறையாக தீர்த்தகிரி எதிரணிக்கு மனதாரக் கை தட்டினான்.

பொழுது சாய்ந்ததும் அப்பாவும் மகனும் வீட்டுக்கு நடந்தார்கள். மாதையன் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு நீயும் அவங்க ஊருக்குப் போவ. உனக்கும் சோறு போடுவாங்க. அப்ப நீயும் ஒண்ணு ரெண்டு விட்டுக் குடுக்கணும்டா. அதான் மரியாத."

தீர்த்தகிரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "வருசம் பூராவும் அந்த மரியாதையத்தாம்பா பண்ணிட்டிருக்கேன்."

மாதையன் நின்றார். "ஈரோட்டுலயுமா?"

"ஈரோட்டுலயும்."

"கரூர்ல?"

"போன எல்லா ஊர்லயும்பா."

மாதையன் மைதானம் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். வீட்டு விளக்கு தெரிந்தது. சென்னம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவர் மகனின் தோளில் கை வைத்து அவனை நிறுத்தினார்.

"உங்கம்மாகிட்ட சொல்லித் தொலைச்சிடாத" என்றார். "ஆசையா வளத்த ஆட்ட அடிச்சிருக்கா."