இடுப்பில் ஆறு செல்

சேந்தமங்கலம் அர்த்தனாரி இன்னிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவன் தரணிதரன். வாசிப்பதாக அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டதாகச் சொல்ல யாரும் இதுவரை முன்வந்ததில்லை. குழுவின் சொந்தக்காரரும் கீபோர்டுக்காரருமான அர்த்தனாரிக்கே அதில் சந்தேகம் இருந்தது. 2002 ஆடியில் மலைமேல் ஆலத்தூர் நாட்டு மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கச்சேரி பேசி, வேன் மலையேறும்போது அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு உன்ற பேஸு என் காதுல உழோணும் தரணி. இல்லாட்டி நாளையிலிருந்து அதையும் கீபோர்டுல நானே எடது கையில வாசிச்சுக்கறேன். வேன்லயும் ஒரு சீட்டு மிச்சமாகும்."

வாரம் முழுக்க மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டுகிறவனை ஊரில் நாலு பேர் 'பேஸ் தரணி' என்று கூப்பிடுகிறார்கள். அது போய்விட்டால் அவன் வெறும் தரணிதான். அப்படி வாழ அவனுக்குப் பயமாக இருந்தது.

அவன் கிடார் லேசுப்பட்டதல்ல. வயிற்றுக்குள் குட்டி ஆம்ப்ளிஃபயர் வைத்தது. அதற்குச் சாப்பாடு ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி. ஸ்பீக்கர் வயர் செருகியிருக்கும் வரை அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கச்சேரிக்கு முன்னால் கற்பூரம் காட்டி, சந்தனம் வைத்துச் செருகுகிற வயரைப் பிடுங்குவது நல்லதல்ல என்பது தரணியின் கட்சி. ராத்திரி பகலாகச் செருகியே கிடந்து இரண்டு பேட்டரி செத்த பிறகு, குற்றம் பேட்டரியுடையது என்று தீர விசாரித்துத் தீர்ப்புச் சொன்னான். பேட்டரிக்குப் பதிலாக ரேடியோவுக்கு மாட்டுகிற எலிமினேட்டர் ஒன்றைப் பிடித்தான். கிடாரின் முதுகில் ஓட்டை போட்டு அதன் வயரை உள்ளே விட்டு, நேராகக் கரண்டிலேயே ஓட்ட ஆரம்பித்தான்.

"இனிமேல் பேட்டரி வாங்கறவன் வெவரங்கெட்டவன்" என்று குழுவுக்கே வகுப்பெடுத்தான். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் குடியேறியது. பேஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

மலையில் அன்றைக்குக் கரண்ட் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டார்கள். தரணி சுவிட்சைத் தட்டியதும், ஊரில் முனகிய ஸ்பீக்கர் இங்கே உறுமியது. பந்தலில் உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் திரும்பி ரோட்டைப் பார்த்தது.

"ஏனுங்க, லாரி ஏதாச்சும் வளைவு ஏறுதுங்களா?" என்றார் நோம்பியை முன்னின்று நடத்திய சென்றாயன்.

"லாரி இல்லீங்க, எங்க பேஸுங்க" என்ற அர்த்தனாரி, தரணியைப் பார்த்துத் தன் இடது கையை ஒருமுறை ஆட்டிக் காட்டினார்.

ஜெனரேட்டர் கரண்ட் எலிமினேட்டருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பேட்டரி போட்டால்தான் தீரும் என்று தரணிக்குப் புரிந்தது. அந்த மலையில் சதுர பேட்டரிக்கு எங்கே போவது? அப்போதுதான் சென்றாயன் கக்கத்தில் இருந்த டார்ச் கண்ணில் பட்டது. டார்ச் செல் ஒன்றுக்கு ஒன்றரை வோல்ட். ஆறு செல்லை வரிசையாக வைத்தால் ஒன்பது. வெவரங்கெட்டவர்களின் கட்சியில் அந்த நிமிடமே சேர்ந்துவிட்டான்.

"மூணு செல் டார்ச்சு ரெண்டு வேணுமுங்க. கச்சேரி முடிஞ்சதும் குடுத்தர்றேன்."

"பொழுது உழறதுக்குள்ள குடுத்துருங்க சாமி. கெழங்குக் காட்டுக்குப் பன்னி வரும்" என்று சென்றாயன் தன்னுடையதையும் பக்கத்து வீட்டுக்காரருடையதையும் கொடுத்தார்.

ஆறு செல்லையும் செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டி, எலிமினேட்டர் வயரை வெட்டி இரண்டு முனையிலும் ஒட்டி, துண்டால் இடுப்பில் கட்டிக்கொண்டான். கிணற்றுக்கு வெடி வைக்கக் கிளம்பியவன் மாதிரி மேடையேறினான். கம்பியைத் தட்டினான். 'தும்' என்றது. பின்னால் ஒரு இரைச்சல் இல்லை. இத்தனை சுத்தமான சத்தம் தன் விரலிலிருந்து வரும் என்று அவனுக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் பாட்டு குழுவின் பாடகி அம்சவேணி பாடினாள். இரண்டு வரி போயிருக்காது, திரும்பி முறைத்தாள். தபேலாக்காரர் முகத்தைச் சுளித்தார். அர்த்தனாரி, வாசித்துக்கொண்டே தன் கீபோர்டைச் சந்தேகமாகப் பார்த்தார். என்ன கோளாறு என்று தரணிக்கும் கேட்டது. கேட்கவும், விளங்கிப் போயிற்று.

அம்சவேணிக்கு உச்சம் எட்டாது. அவளுக்காக அர்த்தனாரி கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்குவார். விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், சுதி மட்டும் இறங்கி வரும். தரணியோ பாட்டைக் காதால் பிடிக்கிற ஆளில்லை. அர்த்தனாரியின் விரல் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்து வாசிக்கிறவன். பொத்தான் செய்கிற வேலை கண்ணுக்கா தெரியும்? குழு முழுக்க ஒரு சுதியில் போக, இவன் மட்டும் வேறு சுதியில் மாதக்கணக்காகப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அந்த இரைச்சல்தான் பெருந்தன்மையாக இதையெல்லாம் மூடி வைத்திருந்தது.

கிடார் கழுத்தில் விரலை இரண்டு கட்டம் தள்ளிப் பிடித்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்தக் கணக்கெல்லாம் ஓடுகிற தலையாக இருந்தால் அவன் ஏன் விரலைப் பார்க்கப் போகிறான்? துண்டுக்குள் கையை விட்டு ஒரு செல்லை நெம்பித் தள்ளினான். கிடார் செத்தது. மீதிக் கச்சேரி முழுவதும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஊமைக் கம்பியை உருகி உருகித் தட்டினான்.

பொழுது விழுமுன் கச்சேரி முடிந்தது. சென்றாயனிடம் செல்லைக் கொடுத்துவிட்டு, கிடாரை உறைக்குள் போட்டுக்கொண்டு நின்றவனிடம் அர்த்தனாரி வேகமாக வந்தார். தோளில் கை போட்டார்.

"மொதப் பாட்டுல தனியாத் துருத்திக்கிட்டு நின்னுச்சு கண்ணு, மெய்தான். அப்பறம் வாசிச்சே பாரு! பாட்டோட பாட்டாக் கலந்துபோச்சு. எது உன்ற பேஸு, எது என்ற கீபோர்டுன்னு எனக்கே தெரியலை. அதாம் பேஸு! எடது கைப் பேச்சை நான் பேசவே இல்லைன்னு வெச்சுக்கோ. அடுத்த மாசம் நாமக்கல்ல ஒரு ரிசப்சன் இருக்குது, வந்துருவயில்ல?"

இத்தனை மாதத்தில் அவன் வாசிப்பை ஒருவர் மனசாரப் பாராட்டியது அன்றைக்குத்தான். தரணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வாரேனுங்கண்ணா" என்றான்.