இடது விளிம்பில் ஒரு துண்டு

புஷ்பலதா மூன்று வருடமாக ஒரே நட்சத்திரத்தின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சிதறிய நட்சத்திரம் அது. சிதறியது இன்னும் கொதிக்கும் வாயுவாக விரிந்துகொண்டே போகிறது. அந்தச் சூடு எக்ஸ்ரே கதிராக வெளிவரும். பூமியின் காற்று அதை விழுங்கிவிடுவதால் விண்வெளித் தொலைநோக்கியால்தான் படம் பிடிக்க முடியும். அந்தப் படங்களை ஈப்போவில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து அவள் ஆராய்ந்தாள்.

பதினைந்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தபோது, இடது விளிம்பில் ஒரு துண்டு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வேகமாகப் பறப்பது தெரிந்தது. வெடிப்பே ஒரு பக்கம் சாய்ந்து நடந்திருக்கிறது என்று கட்டுரை எழுதி, ஆய்விதழுக்கும் அனுப்பிவிட்டாள்.

ஞாயிறு காலை தங்கை சாந்தினி ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு வந்தாள். ஜெலாப்பாங்கில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், சர்க்கியூட் போர்டுகளை எக்ஸ்ரேயில் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை.

"ரெண்டு படத்தையும் எப்படிக்கா சேர்த்த?"

"வலது பக்கம் கீழ் மூலைல இந்தப் புள்ளி இருக்குல்ல, ரொம்ப தூரத்துல இருக்கு, அசையாது. ரெண்டுலயும் இதை ஒரே இடத்துல வச்சேன்."

"ஒரு புள்ளிதானா? எங்க கிலாங்ல விடமாட்டாங்கலா. ஒன்ன மட்டும் பிடிச்சா போர்டு அதைச் சுத்தித் திரும்பிரும். கிட்ட இருக்கறது தெரியாது, தள்ளி இருக்கறதுதான் விலகும். அப்படித்தான் நல்ல போர்டு நாப்பதைக் கழிச்சுப் போட்டேன்."

"இது போர்டு இல்லடி" என்றாள் புஷ்பலதா, சுருக்கென்று.

சாந்தினி தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

புஷ்பலதாவுக்கு மனம் கேட்கவில்லை. மங்கலான புள்ளிகள் இன்னும் மூன்றைத் தேடிப் பிடித்து மறுபடி பொருத்தினாள். படம் இம்மியளவு திரும்பியது. துண்டின் வேகம் பாதியாக இறங்கி, மற்றவற்றோடு போய்ச் சேர்ந்தது. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதேதான். மேசையில் ரொட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

கட்டுரையைத் தன்னோடு சேர்ந்து எழுதிய அபிராமி கோலாலம்பூரில் இருந்தாள்; அவளைக் கைப்பேசியில் அழைத்துத் தவற்றைச் சொன்னாள்.

"யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க, புஷ்பா."

"நாம கண்டுபிடிச்சிட்டோமே."

அபிராமி நீளமாக மூச்சுவிட்டாள். "சரி, கட்டுரையைத் திரும்ப வாங்கிரலாம்."

புஷ்பலதா ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி அனுப்பினாள். பிறகு வயிறு பசித்தது.

ஏழு மாதம் கழித்துப் புதிய கட்டுரை வெளிவந்தது. எல்லாப் பக்கமும் சீராகவே விரிகிறது, ஆகவே அந்த வெடிப்பு முன்பு நினைத்ததைவிடச் சில நூறு ஆண்டுகள் பழையது என்றது அது. பெரிய செய்தி இல்லை. நன்றி சொல்லும் வரியில் சாந்தினியின் பெயர் இருந்தது.

"இதெல்லாம் யாரு படிப்பாங்கக்கா?" என்றாள் சாந்தினி.

"முப்பது பேரு இருப்பாங்க."

"போதும்லா" என்று சொல்லி, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.