லியாஷ்கோவின் கட்டில்

"அப்ப அந்தக் கட்டில்லை ஆரும் படுக்கிறேல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை. ஆனால் விரிப்பு கிழமைக்கு ஒருக்கா மாத்துப்படும். பின்னேரம் படையிலை பேர் கூப்பிடேக்கை முதல் பேர் அவன்ரைதான். சார்ஜன் 'லியாஷ்கோ' எண்டு கூப்பிடுவான். வரிசையிலை முதல் நிக்கிறவன் மறுமொழி சொல்லுவான், 'தாய்நாட்டுக்காகப் போரிலை உயிர் குடுத்திட்டான்' எண்டு. நாப்பது வருசமா இப்பிடித்தான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

மிளகாய்த்தூள் அள்ளிக்கொண்டிருந்த இந்திராதேவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "விரிப்பு ஆர் மாத்துறது?"

"அதுக்கொரு பெட்டை வருவாள்," என்றார் தில்லையம்பலம் அண்ணை. "லியாஷ்கோ செத்துப் பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு பிறந்தவள். அவனைக் கண்டதேயில்லை. ஆனால் அவன் எந்தப் பக்கம் சரிஞ்சு படுப்பான் எண்டு அவளுக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"விரிப்பு மாத்தி மாத்தித்தான்."

இந்திராதேவி தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் ஏழு நாவல்கள் கொடுத்திருந்தேன்.

எண்பத்தேழு பங்குனி மாதம். பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் அவளுடைய அத்தானின் பலசரக்குக் கடை ஞாயிறு பின்னேரங்களில் அரைக்கதவு சாத்தியிருக்கும். புறநகரான பியர்ஃபித்தில் அக்கா குடும்பத்தோடு இருந்தவள் அன்று மட்டும் வந்து தூள் வகைகளைப் பொதி செய்வாள். நானும் தில்லையண்ணையும் அரிசி மூட்டைகளில் உட்கார்ந்திருப்போம். வாசலோரத்தில் பாண்டிச்சேரி அந்துவான் ஐயா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்பார்.

நான் ஊரிலிருந்து வரும்போது உடுப்பைக் குறைத்துப் புத்தகம் கட்டிக்கொண்டு வந்தவன். பனி விழும் ஊர்களில் காதலித்துத் தோற்றவர்களின் கதைகள், எல்லாம் நல்ல தமிழில். ஒவ்வொன்றாக அவளுக்குக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டாம் பதின்மூன்றாம் பக்கத்தில் மூலை மடிந்து திரும்பி வந்தது. "வடிவாத்தான் இருக்குது," என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

தில்லையண்ணை தன் முப்பத்தொரு வயதுக்குள் வாசித்த புத்தகம் ஒன்றே ஒன்று. பாரிசுக்கு வரும் வழியில் மொஸ்கோவில் ஒன்பது நாள் அவரை ஒரு விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே கட்டிலுக்குக் கீழே யாரோ விட்டுப்போன தமிழ்ப் புத்தகம் கிடந்தது. ரஷ்ய மோட்டார் காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்றின் வரலாறு. அட்டையும் முன் பக்கங்களும் கிழிந்து போனதால் ரெஜிமெண்டின் எண்கூடத் தெரியாது. "எங்கடை பட்டாளம்" என்றுதான் சொல்வார். வோல்கா கரையில் சப்பாத்துக்கூட இல்லாமல் குதிரை வண்டிகளோடு தொடங்கிய பட்டாளம். பிறகு லொறிகள் கிடைத்தன. வீட்டுக் கதவுகளைக் கழற்றி மிதக்கவிட்டு தினீப்பர் ஆற்றைக் கடந்தது. பாட்டுப் பாடினால்தான் சூப்புப் பதமாகும் என்று நம்பிய சமையல்காரன் ஒருவன் அதில் இருந்தான். இப்போது எட்டுச் சில்லு இரும்பு வண்டிகளில் திரிகிறது. அவர் கார்த்திகையில் சொல்லத் தொடங்கிய கதை, முடியவேயில்லை.

இந்திராதேவி என்னை 'நீர்' என்பாள். அதை ஒரு காலத்தில் நெருக்கம் காட்டும் பெரிய சலுகையாக நினைத்திருந்தேன். அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிட்டு வந்தாள். தை மாதத்திலிருந்து அந்த 'அண்ணை'யைக் காணவில்லை. வெறும் 'நீங்கள்'. இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

"செத்தவனுக்குக் கட்டிலோ அண்ணை?" என்றேன். "நாங்கள் உயிரோடை இருக்கிறவை ஆறு பேர் மூண்டு மெத்தையிலை படுக்கிறம். ரஷ்யாக்காரனுக்கு மட்டும் கட்டில் மிஞ்சிக் கிடக்குதோ?"

அந்துவான் ஐயா பத்திரிகையைத் தாழ்த்தினார். "அதானே! நானும் ரெஜிமான்ல இருந்தவன்தான். ஒருத்தன் செத்தா அன்னிக்கே அவன் கட்டில்ல இன்னொருத்தனைப் போட்டுடுவான் நம்ம கப்பொரால். போர்வைச் சூடுகூட ஆறியிருக்காது."

நான் பெரிதாகச் சிரித்தேன். இந்திராதேவி சிரிக்கவில்லை. தூள் பொதியின் வாயை மடித்து மடித்து, அது கிழியும் வரை மடித்தாள். அவளுடைய தமையன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம். கடிதமும் இல்லை, செய்தியும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"புத்தகத்திலை இருக்குது, தம்பி தவம்," என்றார் தில்லையண்ணை.

"அப்ப கொண்டு வாங்கோ, பாப்பம்."

அவர் இந்திராதேவியை ஒருதரம் பார்த்தார். "பிறகு பாப்பம்," என்றார். அந்தப் பார்வையைக் கள்ளம் பிடிபட்டவனின் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

நானும் அவரும் ஒரே மெத்தைக்காரர். இரவு முழுக்க அது அவருடையது. விடியப்புறம் அலுவலகங்களைத் துடைக்க அவர் போனபின், உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து நிலத்தில் சுருண்டு கிடந்த நான் ஏறிப் படுப்பேன். தலையணையில் அவருடைய நல்லெண்ணெய் மணக்கும். செவ்வாய்க்கிழமை, தலைமாட்டில் அவருடைய பையைத் திறந்தேன். அகதி விண்ணப்பத்துக்குக் கொடுத்த ரெசிப்பிசே என்ற அத்தாட்சிக் கடதாசி சுற்றிய பொலித்தீனுக்குள், அதே அளவு பத்திரமாக அந்தப் புத்தகமும் இருந்தது.

பக்கங்களின் மூலைகள் கண்டபடி மடிந்திருந்தன. புத்தகத்தின் அருமை தெரியாத மனுசன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும்வரை வாசித்தேன். புதனும் வியாழனும் வாசித்தேன். எத்தனை பேர் புறப்பட்டார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள், எந்தத் தளபதி எந்தப் பதக்கம் வாங்கினார் என்று சாக்குத் துணிபோல ஒரு தமிழ். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் கட்டில் இருந்தது. 'சிப்பாய் ஸ்தெபான் லியாஷ்கோ படைப்பிரிவின் பட்டியலில் என்றென்றைக்குமாகச் சேர்க்கப்பட்டார். அவருடைய கட்டில் பேணப்படுகிறது.' இரண்டே வரி. கட்டில் உண்மை.

பெட்டை இல்லை.

முதலில் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சமையல்காரன் இல்லை, கதவுகள் இல்லை, ஆற்றைப் பலகைகளில்தான் கடந்திருக்கிறார்கள். ஆனால் மெத்தையில் மல்லாந்து கிடந்தபோது, அவன் எந்தப் பக்கம் சரிந்து படுப்பான் என்று அவளுக்குத் தெரியும் என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. அதை எந்த ரஷ்யனும் எழுதவில்லை. காலையில் மற்றவர்கள் கழிக்கும் குப்பைக் கூடைகளைக் கவிழ்க்கிற ஒருவர் சொன்னது. அப்படி ஒரு வரி எனக்கு வருமா என்று ஒரு கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 'பனி பெய்துகொண்டிருந்தது' என்று எழுதினேன். அதுவும் யாரோ எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தில்லையண்ணை கதையை எடுக்கும் வரை பொறுத்திருந்து, மூட்டையின் மேல் அதை வைத்தேன்.

"அண்ணை, இதிலை பெட்டையைக் காணேல்லை."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார்.

"நானூறு பக்கமும் தேடினனான். கட்டில் ரெண்டு வரி கிடக்கு. பெட்டையும் இல்லை, பாட்டுக்காரச் சமையல்காரனும் இல்லை. எங்கையண்ணை வாசிச்சனீங்கள்?"

"அடடே, மாட்டிக்கிட்டாரா!" என்று அந்துவான் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

தில்லையண்ணையின் காது சிவந்து போனது. அரிசி மூட்டையின் நூலொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இந்திராதேவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் இனி அவரை என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் புத்தகத்தை எடுத்தாள். ஒரு மூலையின் மடிப்பை விரலால் நிமிர்த்தினாள். பிறகு இன்னொன்றை.

"இதெல்லாம் நான் மடிச்சது," என்றாள்.

"எப்ப?"

"மார்கழியிலை தந்தவர். தை முடிய முதல் ரெண்டு தரம் வாசிச்சிட்டன். அதிலை பெட்டை இல்லை எண்டு உமக்கு முதலே எனக்குத் தெரியும்."

பன்னிரண்டு பக்கம் தாண்டாதவள். நானூறு பக்கம், இரண்டு தரம்.

"பிறகேன் இருந்து கேட்டனீர்?"

"இல்லாததாலைதான்."

அந்துவான் ஐயா பத்திரிகைக்குள் முகத்தை இறக்கிக்கொண்டார். தில்லையண்ணை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. என்மீது அவருக்குக் கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை. கோபித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இந்திராதேவி பொதி சுற்றும் கடதாசிக் கட்டிலிருந்து நாலைந்து தாளை உருவினாள். விலை எழுதும் பேனையை நூலோடு அறுத்தெடுத்து, எல்லாவற்றையும் என் மடியில் வைத்தாள்.

"அம்மா அங்கை ஊரிலை அண்ணான்ரை கட்டில்லை ஒருத்தரையும் படுக்க விடுறேல்லையாம். சனம் விசரி எண்டு பகிடி பண்ணுதாம். ஒரு பட்டாளமே அப்பிடிச் செய்யுது எண்டு அவ அறியவேணும்," என்றாள். "இவர் கதைப்பார். கடிதம் எழுதப் பேனையைப் பிடிச்சால் 'நலம், நலமறிய அவா'வுக்கு மேலை ஒரு வரி வராது. உம்மடை எழுத்து வடிவு. அந்தப் பெட்டை விரிப்பு மாத்த வாற இடத்தை மட்டும் எழுதித் தாருமன், தவம். அவர் சொல்லச் சொல்ல. நீர் ஒண்டும் சேர்க்காமல்."