சுக்கான் வரை

குழி தோண்டுவதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுமா? விக்கிரமங்கலத்தில் கூடியது. வேணுகோபால் வீட்டு வாசலில் ஐம்பது பேராவது இருப்பார்கள். வேறெதற்கு, ஜோதி ஜெயிப்பாளா மண்ணைக் கவ்வுவாளா என்று பார்க்கத்தான்!

ஜோதி லேசுப்பட்ட ஆளில்லை. சித்தாளாகச் சட்டி சுமந்து, கொத்தனார்களிடம் கரண்டி பிடிக்கக் கற்று, இன்று தானே பேசி வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி. "பொம்பள கட்டுன வூடு நிக்குமா?" என்று கேட்ட வாய்களை ஆறு வீடு கட்டி அடைத்தவள். ஏழாவது இந்த வீடு. குடிபோன இரண்டாம் வருஷமே மூலைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். வந்ததே வேணுகோபாலுக்குக் கோபம்! கரிசல் மண்ணின் மேலேயே கட்டி ஏமாற்றிவிட்டாள் என்று அரியலூர் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் விழுந்தது.

கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதைத் தாண்டி அடியில் கிடக்கும் சுக்கான் பாறையில் அஸ்திவாரம் உட்கார்ந்தால்தான் வீடு அசையாது. இது அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கேஸ் சேதி பரவியதும், ஜோதியிடம் வீடு கட்டப் பேசி வைத்திருந்த மூன்று பேரும் "அப்புறம் பாப்போம்" என்று நழுவினார்கள். இதில் தோற்றால் அவள் மறுபடி சட்டி தூக்கப் போக வேண்டியதுதான்.

"தோண்டிப் பாத்துடலாம் வக்கீலம்மா. சுக்கான்லதான் நிறுத்தியிருக்கேன்" என்று ஜோதி சொன்ன சொல்லை நம்பி மனுப் போட்டவள் சகாய பிரியா. தனியாக நடத்தும் முதல் கேஸ். கோர்ட்டும் ஒரு மூத்த வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, ஒரு இன்ஜினியரையும் கூட அனுப்பிவிட்டது. பிரியா ராத்திரி தூங்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

விரிசல் விட்ட மூலையில் குழி இறங்கியது. மூன்றடி. நாலடி.

"அஞ்சடி!" என்றார் டேப் பிடித்த இன்ஜினியர்.

குழிக்குள் கருகருவென்று கரிசல். சுக்கானைக் காணோம்! பிரியா குழியோரம் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் போவணும்" என்றாள் ஜோதி, அலட்டிக்கொள்ளாமல். "இந்த மூலையில பாறை பள்ளமா கெடந்துச்சு. ஏழடிக்கு மேல போயிருக்கேன்."

"அத ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அக்ரிமெண்ட்ல எத்தன அடின்னுதான கேட்டீங்க? அதுல அஞ்சுதான்."

அட கடவுளே! பிரியா காகிதத்தைக் கேட்டாளே தவிர, தோண்டியவளைக் கேட்கவில்லை. 'ஐந்து அடி வரை தோண்டிப் பார்க்க' என்று மனுவில் எழுதியதும் சாட்சாத் அவளேதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் கலைச்செல்வன் விடுவாரா? "எழுதிக்குங்க சார். அஞ்சடியில கரிசல். உத்தரவு அதோட முடிஞ்சுது."

"அஸ்திவாரக் கல்லு இன்னும் கீழ போவுதே சார்!" என்றாள் பிரியா.

"அரையடி போயி நின்னுருக்கும். யார் கண்டா?"

கமிஷனர் உதட்டைப் பிதுக்கினார். "உத்தரவ நான் தாண்ட முடியாதும்மா. ரெண்டு தரப்பும் சம்மதிச்சாத்தான்."

"சம்மதமா? என் உசிரு இருக்கிற வரைக்கும் கெடையாது!" என்று குதித்தார் வேணுகோபால்.

அடைக்கல மாதாவே என்று மனதுக்குள் கூப்பிட்டபடி பிரியா கேஸ் கட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே கண் நின்றது. புகார்தாரர்: அமிர்தவல்லி, கணவர் பெயர் வேணுகோபால். வீடு மனைவி பேரில் இருந்தது. அவள் பேரில்தான் கேஸும்.

"சார்!" அவள் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பியது. "கேஸ் போட்டது அவர் இல்ல, அமிர்தவல்லியம்மா. சம்மதத்த அவங்கள கேளுங்க சார்!"

நிலைப்படியில் நின்ற அமிர்தவல்லி பதறிப்போய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். புருஷன் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டாள். அதற்கு மேல் யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. கமிஷனர் கேட்டார்.

"அம்மா, நீங்க யோசிச்சு..." என்று இழுத்தார் கலைச்செல்வன்.

"ஆறு மாசமா அதத்தான் யோசிக்கிறேன்" என்றாள் அவள். "பொட்டுத் தூக்கம் இல்லீங்க. செவுரு எப்ப மேல வுழுமோன்னு ராவெல்லாம் முழிச்சு கெடக்குறேன். கேஸ்ல ஜெயிக்கணும்னு அவருக்கு இருக்கலாம். எனக்கு வூடு நிக்குமான்னு தெரியணும். தோண்டுங்க!"

"அடியே!"

"என்ன அடியே? பேரு என்னுதுதான?"

கூட்டத்தில் விசில் பறந்தது. குழி இறங்கியது. ஆறடி. கரிசல். ஆறரை. கரிசல். ஏழடி. கூட்டம் குழியோரம் நெருக்கியடித்தது.

ணங்!

கடப்பாரை எகிறியது. ஜோதி குழிக்குள் குதித்துக் கையாலேயே மண்ணை ஒதுக்கினாள். வெளேரென்று சுக்கான், அதன்மேல் ஆணி அடித்தாற்போல அஸ்திவாரக் கல்.

"ஏழடி நாலு அங்குலம்!" இன்ஜினியரே கத்திவிட்டார். பிறகு விரிசலில் உளிவைத்துத் தட்டினார். பூச்சு உதிர்ந்தது, உள்ளே செங்கல்லில் ஒரு கீறல் இல்லை.

"பூச்சு காயுறப்ப தண்ணி ஊத்துனது பத்தல. அது என் தப்புதாங்க" என்றாள் ஜோதி. "நானே பூசித் தரேன்."

நழுவிய மூவரில் ஒருவரான தங்கராசு முண்டியடித்து முன்னால் வந்தார். "ஜோதி, வெள்ளிக்கிழம நம்ம மனைக்கு வந்துடுறியா?"

"பத்திரம் யாரு பேர்லங்க?" என்று ஜோதி கேட்க, ஊரே சிரித்தது. பிரியாவுக்கு அவளைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும்போல் இருந்தது. கமிஷனர் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அறிக்கையில் புகார்தாரர் கையெழுத்து வேண்டும். அமிர்தவல்லியைக் காணோம். பிரியாவும் ஜோதியும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். விரிசல் விட்ட அதே சுவரோரம் பாயை விரித்து, பட்டப்பகலில், வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஜோதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"எழுப்பாதீங்க வக்கீலம்மா" என்றாள். "கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம்."